பல்லவிக்கு மீசை முளைத்த கதை

கர்நாடக இசைப் பாடகி டி. கே. பட்டம்மாளைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: ஆண்களின் கோட்டையாக இருந்த பல்லவியை மேடையில் பாடிய முதல் பெண். 2009 ஜூலையில் அவர் மறைந்தபோதும், 2019இல் நூற்றாண்டு வந்தபோதும் ஏறக்குறைய இதே சொற்களில்தான் அவரை நினைவுகூர்ந்தார்கள். ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பட்டப்பெயரும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. பாராட்டு என்பதால் யாரும் அதை நிறுத்தி விசாரிப்பதில்லை. எனக்கோ அந்த வாக்கியத்தோடு நெடுநாளாகச் சச்சரவு. கோட்டை என்றால் அதை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள், அதற்கு முன் அந்த மனையில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்கவேண்டாமா? பட்டம்மாள் பிறந்த காஞ்சிபுரத்திலேயே நின்று இதைக் கேட்கலாம். சாட்சி சொல்ல வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஓர் ஊருக்குள்ளேயே இருந்தார்கள்.

முதலில் பல்லவி. ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்து, தானம் பாடி முடித்தபின், ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அரைமணி, முக்கால்மணி, பழைய நாட்களில் அதற்கும் மேலாகப் பாடகர் நடத்தும் வேலை அது. வரி தாளத்தின் எந்த அட்சரத்தில் எடுப்பு, முன்பாதி எங்கே வந்து நிற்கும், பின்பாதி எங்கே கிளம்பும் என்பதெல்லாம் முதல் ஆவர்த்தனத்திலேயே தீர்மானமாகிவிடும். பிறகு சொற்கள் தம் இடத்தில் விழுமாறு நிரவல் செய்யவேண்டும். தாளத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு அதே வரியை இரட்டித்தும் நான்கு மடங்காகவும், அதன்பின் திஸ்ரத்திலும் பாடிக்காட்டவேண்டும். கடைசியில் ஸ்வரம். கை தாளத்தைப் பிடித்திருக்கும், மனம் கணக்கில் ஓடும், குரல் ராகத்தின் முகம் சிதையாமல் காக்கும். மூன்றும் ஒரே நேரத்தில். கடினமான வேலைதான், சந்தேகமில்லை.

ஆனால் இதில் ஆணுக்கு மட்டும் வாய்த்த திறமை எது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கணக்கு என்பார்கள். சதிர் ஆடிய பெண் ஒவ்வொரு தீர்மானத்திலும் காலால் போட்ட கணக்கு, பல்லவிக்காரர் தொடையில் போட்ட கணக்குக்கு இளைத்ததல்ல. நாட்டியக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் 1925இல், அவருடைய ஏழாவது வயதில், இதே காஞ்சியின் அம்மன் கோயில் ஒன்றில்தான் நடந்தது. குரு கந்தப்பப் பிள்ளையின் பிடிவாதமான பயிற்சியில் அந்தக் குழந்தை காலில் ஏற்றிக்கொண்டு வந்தது லயத்தைத் தவிர வேறென்ன? அது நாட்டியம், இது பாட்டு என்று பிரிக்கலாம். ஆனால் பிரிக்கிறவர்கள் கணக்கு பெண்ணுக்கு வராது என்ற வாதத்தை அங்கேயே கைவிட்டுவிட வேண்டும்.

ஆக, பல்லவியின் ஆண்மையை அதன் உடம்பில் தேடிப் பயனில்லை. அது நடந்த இடத்தில் தேடவேண்டும். பல்லவி வளர்ந்தது அரசவைப் போட்டிகளில். ஒருவர் பாட, மற்றவர் அதைத் திருப்பிப் பாட, தோற்றவர் தம்புராவையும் விருதுகளையும் இழக்க என்று போகும் கதைகள். பொப்பிலியிலிருந்து வந்த கேசவய்யாவை சியாமா சாஸ்திரி சரபநந்தன தாளத்தில் மடக்கினார் என்ற தஞ்சாவூர்க் கதை அவற்றில் பேர்போனது. சேவல் கட்டுபோல நடக்கும் இந்த மோதல்தான் பல்லவிக்கு ஒரு வீரத் தோரணையைக் கொடுத்தது. அந்தக் கதையிலேயே ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. போட்டிக்கு முன் சாஸ்திரி போய் நின்று கையேந்தியது பங்காரு காமாட்சியின் சந்நிதியில். அந்தப் பொன் விக்கிரகம் காஞ்சியிலிருந்து புறப்பட்டு அலைந்து தஞ்சைக்கு வந்து சேர்ந்தது; அதற்குப் பூசை செய்த குடும்பம்தான் சாஸ்திரியுடையது. வீரக் கதையின் வெற்றி ஒரு பெண்தெய்வத்திடம் கேட்டு வாங்கியது என்று கதை சொன்னவர்களே சொல்லிவிட்டார்கள். கேட்டவர்கள்தாம் அதைக் கடந்து போய்விட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் மூன்று பத்தாண்டுகளில் இந்த வீரத் தோரணைக்குத் தலைநகர் காஞ்சிபுரம். காரணம் ஒரே ஒருவர், காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை, 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். யாரும் தொட அஞ்சும் தாளங்களில் பல்லவி பாடுவதும், திருப்புகழின் சந்தங்களை மேடையில் பிரித்துக் காட்டுவதும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. அவருடைய கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்பார்கள், உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்து வழக்குக் கேட்பதுபோல. வயலின், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை போன்றவர்களின் மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லய வாத்தியங்கள். நடுவில் பாடகர், சுற்றிலும் அவரை இடறிவிடக் காத்திருக்கும் கைகள். அத்தனையையும் சமாளித்து வரியை எடுப்பில் கொண்டுவந்து இறக்கும்போது சபை ஆர்ப்பரிக்கும். இந்தக் காட்சியில் பெண்ணை யாரும் கற்பனை செய்யவில்லை. பல்லவி என்றாலே ‘ஆம்பிளைப் பாட்டு’ என்ற எண்ணம் ரசிகர் மனத்தில் உறைந்ததற்கு இந்த மேடை அமைப்பு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். கலை வடிவத்தைவிட அது அரங்கேறிய விதம்தான் ஆண்பாலாக இருந்தது.

இந்த நாயனாப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தார் என்று பார்த்தால் கோட்டைக் கதையின் முதல் சுவர் சரிகிறது. அவருடைய தாய் காமாட்சி அம்மாள். தாயின் சகோதரி தனகோடி அம்மாள். கோயிலையும் கச்சேரியையும் சார்ந்து பாட்டையும் ஆட்டத்தையும் வாழ்க்கையாகக் கொண்ட தேவதாசி மரபில் வந்த இந்தச் சகோதரிகள், நாயனாப் பிள்ளை என்ற பெயர் வெளியே தெரிவதற்கு முன்பே காஞ்சிபுரத்துக்கு இசைப் பெயர் வாங்கித் தந்தவர்கள். ஆரம்பகாலக் கிராமபோன் தட்டுகளில் தனகோடியின் குரல் பதிவாகியிருக்கிறது. ஆண் லய வித்துவான்களைக் கலங்கடித்த பாடகருக்கு இசை முதன்முதலில் காதில் விழுந்தது பெண்கள் ஆண்ட வீட்டில்.

அவர் அதைத் திருப்பிக் கொடுத்ததும் பெண்களுக்குத்தான். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் சென்னையிலிருந்து காஞ்சிக்கு வந்து அவரிடம் குருகுலவாசமாகக் கற்றார்கள். பின்னாளில் தனம்மாள் குடும்பத்தின் சொத்து என்று சங்கீத உலகம் கொண்டாடிய தியாகராஜ கிருதிகளில் பல, நாயனாப் பிள்ளை சொல்லிக்கொடுத்த பாடம். தனம்மாளின் தாய் சுந்தரம்மாள் கற்றதோ, சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம். கேசவய்யாவை வென்ற வீட்டின் வித்தை ஒரு தலைமுறைக்குள் பெண்களின் கைக்கு வந்தாயிற்று. ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து ஆணுக்கு, மறுபடி பெண்ணுக்கு என்று போய்வந்த ஒன்றை எந்த இடத்தில் நிறுத்தி ஆண்களுடையது என்று பத்திரம் எழுதுவது?

காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். அதனால் நாடாக்கள் தனித்தனி, ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக்கொடுக்கத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் நெசவாளியின் மனைவி, அல்லது பிள்ளை. தார் சுற்றியதும் வீட்டுப் பெண்தான். புடவை கடைக்குப் போகும்போது நெசவாளி என்று ஒரு பெயர்தான் கூடப் போகிறது. தனகோடி அம்மாளுக்கு நேர்ந்ததும் அதுதான்.

இனி பட்டம்மாளின் வீடு. அதே ஊர், அதே ஆண்டுகள், ஆனால் வேறு உலகம். தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதரின் மகளாக 1919இல் பிறந்தார். தாய் காந்திமதி நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் உறவினர் நண்பர் முன்னால்கூட அவர் பாட ஆசாரம் இடம் கொடுக்கவில்லை. ஒரே ஊரில் ஒரு வீட்டுப் பெண்களின் குரல் கிராமபோன் தட்டு வரை போகிறது, இன்னொரு வீட்டுப் பெண்ணின் குரல் கூடத்தைத் தாண்டுவதில்லை. (இவ்வளவும் நடந்தது காமாட்சி தனக்கென்று தனிக்கோயில் கொண்டு கரும்பு வில்லோடு அரசாளும் ஊரில். அவள் ஒருத்திக்கு மரியாதையாகக் காஞ்சிச் சிவாலயங்களில் அம்பாளுக்குத் தனிச் சந்நிதி வைப்பதில்லை என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். தெய்வத்துக்குக் கொடுக்கும் இடத்தைப் பார்த்து வீட்டுப் பெண்ணின் இடத்தை ஊகித்தால் ஏமாந்துபோவோம்.)

பட்டம்மாளுக்கு மரபான குருகுலம் கிடையாது. தந்தை சொல்லிக்கொடுத்த சுலோகங்களும் எளிய உருப்படிகளுமே தொடக்கம். நாயனாப் பிள்ளை காஞ்சியில் ஆண்டுதோறும் நடத்திய தியாகராஜ உற்சவத்தில் உட்கார்ந்து கேட்டு, கேட்டதைத் தம்பியோடு பங்கு போட்டு நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பாடிப் பார்த்தார். பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள் வற்புறுத்தியிராவிட்டால், கல்யாணம் தடைப்படுமே என்று கவலைப்பட்ட தந்தை இந்தக் குரலைக் கிராமபோன் கம்பெனிக்கு அனுப்பியிருப்பாரா என்பது சந்தேகமே. பிறகு அம்பி தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள், வித்யாலா நரசிம்மலு நாயுடுவிடம் பல்லவியின் நுட்பங்கள். 1932இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி செய்தபோது வயது பதின்மூன்று.

இங்கே அவர் தாண்டிய சுவர் எது என்று கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும். பிராமண வீட்டுப் பெண் பணம் வாங்கிக்கொண்டு பொதுமேடையில் ஆண் பக்கவாத்தியங்களோடு உட்கார்வது: அதுதான் சுவர். அந்த மேடை அதற்கு முன் பெண் இல்லாத மேடையா? இல்லை. தனகோடி, தனம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று வரிசையாகப் பெண்கள் அதில் இருந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் தாசி குலத்தவர் என்பதால் ‘பெண்’ என்ற கணக்கில் சேர்க்கப்படவில்லை. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவரே நாகரத்தினம்மாள். ஆனாலும் அங்கே ஆராதனை நடத்திய ஆண்களின் இரண்டு கட்சிகளும் பெண்களைப் பாடவிடாததால் 1927இல் அவர் பெண்கள் கட்சி என்று தனியாக ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. ‘முதல் பெண்’ என்று எண்ணத் தொடங்கும்போது யாரை எண்ணாமல் விடுகிறோம் என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று வேண்டாம். பட்டம்மாளைப் பற்றிய வாக்கியத்தில் சாதி எங்கும் எழுதப்படவில்லை. எண்ணிக்கை மட்டும் அதை வைத்துத்தான் நடக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தாசி மரபுப் பெண்கள் மேடையில் இருந்தார்கள், சரி, பல்லவி பாடினார்களா? அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளில் கிருதி இருக்கிறது, பதம் இருக்கிறது, ஜாவளி இருக்கிறது, பல்லவி எங்கே? கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பதிவுகள் எதில் இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். எழுபத்தெட்டு சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலு நிமிடம். அரைமணி நேரம் விரியும் ஒன்றை அதில் அடைக்க முடியாது. அந்தக் காலத்து ஆண்கள் பாடிய முழுப் பல்லவியும் எந்தத் தட்டிலும் இல்லை. ஆனால் ஆண்களின் பல்லவிகளைப் பற்றி மற்ற ஆண்கள் எழுதினார்கள், சொல்லிச் சொல்லிப் புராணமாக்கினார்கள். பெண்களின் கச்சேரி பற்றி எழுத வந்த பேனா குரலினிமையோடும் நகையலங்காரத்தோடும் நின்றுவிட்டது. நாயனாப் பிள்ளையின் குரலே நமக்குக் கிடைக்கவில்லை, அவர் புகழ் முழுக்க வாய்மொழி. வாய்மொழியை ஆணுக்குச் சாட்சியாக ஏற்றுக்கொண்டு, பெண்ணிடம் மட்டும் ஒலித்தட்டு கொண்டுவா என்று கேட்பது நீதியாகாது. எனவே ‘பாடவே இல்லை’ என்ற முடிவுக்கு அந்தச் சான்றுகள் வலுவற்றவை. ‘எல்லாரும் பாடினார்கள்’ என்று மறுபக்கம் சாய்வதற்கும் அவை போதா. ‘முதல்’ என்ற சொல்லை இந்த அளவு சான்றை வைத்துக்கொண்டு யாருக்கும் சூட்டக்கூடாது என்பது மட்டும் உறுதி.

இதைவிட வலுவான எதிர்வாதம் பக்கவாத்தியத்தைப் பற்றியது. பல்லவி ஒரு கூட்டு வேலை. மிருதங்கக்காரர் ஒத்துழைக்காவிட்டால் பாடகர் எவ்வளவு கற்றிருந்தாலும் அது எழாது. பெரிய மிருதங்க வித்துவான்கள் பலர் பெண்களுக்கு வாசிக்க மறுத்தார்கள். பாலக்காடு மணி ஐயரே நெடுங்காலம் அந்த விரதத்தில் இருந்தவர்தான், அதை முதலில் முறித்துக்கொண்டது பட்டம்மாளுக்காக. பின்னாளில் மணி ஐயரின் மகள் பட்டம்மாளின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு இரு குடும்பமும் ஒன்றாயின. இந்த மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் சுருதி. பெண்கள் ஐந்து கட்டை வாக்கில் பாடுகிறார்கள், அதற்கு வேண்டிய ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கத்தில் நாதம் செழிக்காது, கைக்கும் சிரமம் என்பார்கள். வாத்தியக்காரர் சொல்வதால் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்காரம் சுகமானதுதான். ஆனால் மைக் வருவதற்கு முன் ஆண் பாடகர்களும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உயர்ந்த சுருதியில்தானே பாடினார்கள்? எஸ். ஜி. கிட்டப்பா பாடிய கட்டையில் எந்தப் பெண் பாடினார்? அப்போது வராத கைவலி பெண் பக்கத்தில் உட்கார்ந்ததும் வந்தது என்றால், வலி கையில் இல்லை. இன்னொன்றும் உண்டு. நாயனாப் பிள்ளையின் ஃபுல் பெஞ்சுக்குத் தலைமை தாங்கிய அதே தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம்தான் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் கற்றார். பெண்ணின் கைக்கு மிருதங்கம் வரும் என்று அந்த மகாவித்துவானுக்கே தெரிந்திருந்தது. மேடையில் பக்கத்தில் இடம் கொடுப்பதில்தான் சிக்கல்.

இந்த இடத்தில் பட்டம்மாளின் சாதனை உண்மையானது, பெரியது. மறுத்துக்கொண்டிருந்த கைகளை வாசிக்க வைத்தார். அதைக் கெஞ்சியோ போராட்டம் நடத்தியோ செய்யவில்லை. தாளத்தில் அசையாத காலப்பிரமாணத்தால் செய்தார். அறுபதுகளின் வானொலிப் பதிவுகளைக் கேட்டால் தெரியும்: வேகத்தைக் கூட்டிக் கைதட்டல் வாங்கும் சபலம் எங்கும் இல்லை. வரி எத்தனை நிதானமாகக் கிளம்பியதோ அதே நிதானத்தில் முடிகிறது. பல்லவியில் அவர் மிருதங்கக்காரரை மடக்கப் பார்ப்பதில்லை, தானும் மடங்குவதில்லை. நாயனாப் பிள்ளையின் பாதிப்பு வெளிப்படை. ஆனால் அவர் மேடையின் மல்யுத்தம் இவரிடம் வடிந்துபோய், கட்டுமானம் மட்டும் நிற்கிறது. என் கணக்கில் பட்டம்மாள் பல்லவிக்குச் செய்த முக்கியமான காரியம் இதுதான். போட்டியைக் கழித்துவிட்டாலும் பல்லவி பல்லவியாகவே இருக்கும் என்று பாடிக் காட்டினார். பல்லவியின் வீரத் தோரணை அதன் உயிர் அல்ல என்பதற்கு அவர் குரலே சாட்சி. அவரைப் பாராட்டியவர்கள் இதைக் கவனிக்காமல் ‘ஆணுக்கு நிகராக’ என்ற அளவுகோலைக் கையில் எடுத்தார்கள். அந்தக் கோல் எடுத்த எடுப்பிலேயே தவறு. அவர் பாடியது ஆண்கள் பாடிய பல்லவியின் நகலாக இருந்திருந்தால் அத்தனை நாள் நின்றிருக்காது.

ஆனால் இந்த நுழைவுக்கு ஒரு விலை இருந்தது. அதையும் தராசில் வைக்கவேண்டும். ‘தியாகபூமி’ (1939), ‘நாம் இருவர்’ (1947) முதலிய படங்களில் பட்டம்மாள் பாடினார். தேசபக்திப் பாடலும் பக்திப் பாடலும் மட்டுமே பாடுவேன், காதல் பாட்டு பாடமாட்டேன் என்பது அவர் போட்ட கட்டுப்பாடு. அவருடைய நாணயத்தை நான் குறைசொல்லவில்லை, அந்தக் காலத்தில் அவர் இருந்த நிலையில் வேறு வழியும் இருந்திருக்காது. ஆயினும் ஊர் ஒப்பந்தம் எழுதியதைப் பாருங்கள். குடும்பப் பெண் மேடைக்கு வரலாம். கணக்கு, கடினம், அறிவு என்று ஆண்கள் உரிமை கொண்டாடியவற்றைக்கூட எடுத்துக்கொள்ளலாம். சிருங்காரத்தை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும். அந்தச் சிருங்காரம் யாருடைய கையில் இருந்ததோ, அந்தப் பெண்களை அதே ஆண்டுகளில் சமூகம் மேடையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தது. 1947இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் பொட்டுக்கட்டுதலை நிறுத்தியது. அது வேண்டியது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து வித்தையையும் வெட்கப்பட வேண்டியதாக்கிய காரியம் சட்டம் செய்ததல்ல, சபை செய்தது.

சங்கீதத்துக்குள் இது ஒரு தரவரிசையாகவே படிந்துவிட்டது. பல்லவி கனமானது, ஆகவே ஆண்பால். பதமும் ஜாவளியும் துக்கடா, ஆகவே பெண்பால். பிருந்தா பாடிய ஒரு க்ஷேத்ரய்ய பதத்தைக் கேட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். விளம்ப காலத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இருக்கும் வெளி, பாடகரைக் கைவிட்டுவிடும் அளவு நீளமானது. பிடித்துக்கொள்ள ஸ்வரக் கணக்கு கிடையாது, மிருதங்கத்தின் சொற்கட்டு உதவிக்கு வராது. சொல் தாளத்தின் மேல் விழாமல் அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக மிதந்து, கடைசியில் எடுப்புக்கு வழுவாமல் வந்து சேரவேண்டும். லயத்தின் மீது இதைவிடக் கடுமையான பிடி வேண்டிய உருப்படி எது என்று எனக்குத் தெரியவில்லை. பல்லவியில் லயம் கண்ணுக்குத் தெரிகிறது, பதத்தில் தெரிவதில்லை. தெரிவது அறிவு என்றும் தெரியாதது பாவம் என்றும் பெயரிட்டு, முதலாவதை ஆணுக்கும் இரண்டாவதைப் பெண்ணுக்கும் பிரித்துக் கொடுத்த விமரிசனத்துக்குக் காது மந்தம் என்பேன். இந்தத் தரவரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பெண் மேல்தட்டுக்கு ஏறிவிட்டாள் என்று மகிழ்வதுதான் கோட்டை வாக்கியம் செய்யும் வேலை.

சரி, வித்தையைச் சரியாக எடைபோடவேண்டிய நிறுவனங்கள் என்ன செய்தன? சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி வரிசை 1929இலிருந்து எண்ணப்படுகிறது. 1967 வரை அத்தனை பேரும் ஆண்கள். 1968இல் எம். எஸ். சுப்புலட்சுமி, 1970இல் பட்டம்மாள், 1973இல் பாலசரஸ்வதி, 1976இல் பிருந்தா, 1977இல் எம். எல். வசந்தகுமாரி. ஏறக்குறைய நாற்பது ஆண்டு வறட்சிக்குப் பின் பத்தாண்டில் ஐந்து பெண்கள். இந்த ஐவரில் நால்வர் தாய்வழியில் தேவதாசி மரபோடு தொடர்புடையவர்கள், இருவர் வீணை தனம்மாளின் பேத்திகள். விருதுப் பட்டியலே சொல்கிறது: பெண்கள் வெளியிலிருந்து புதிதாக நுழைந்தவர்கள் அல்லர், பெரும்பாலோர் அந்த வீட்டின் பழைய குடிகள். வெளியிலிருந்து நுழைந்தவர் என்று சொல்லத்தக்கவர் ஐவரில் பட்டம்மாள் ஒருவரே. அவர் நுழைவைத்தான் பெண்ணினத்தின் நுழைவாக எழுதிவைத்திருக்கிறோம்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. ‘பல்லவி பாடிய முதல் பெண்’ என்ற பட்டம் நிற்காது, அதைத் தாங்கச் சான்று இல்லை. அதைவிட முக்கியம், தனகோடி அம்மாளின் வீட்டை மறைத்துத்தான் அது நிற்கவேண்டியிருக்கிறது. ‘ஆண்களின் கோட்டை’ என்பதில் பாதி உண்மை. பல்லவி ஆண்களுடையதாக இருந்ததில்லை. பல்லவி மேடை இருந்தது, அதுவும் சில பத்தாண்டுகள், பக்கவாத்தியத்தின் தயவில். பட்டம்மாளுக்கு உரியவை வேறு இரண்டு பெருமைகள். வாயைத் திறக்கவிடாத ஒரு சாதியின் கூடத்திலிருந்து வந்து, சபா மேடையில் ராகம் தானம் பல்லவியைப் பெண்ணின் அன்றாட உரிமையாக்கினார். அவருக்குப் பின் வந்த எந்தப் பெண்ணும் அதற்கு அனுமதி கேட்கவேண்டி வரவில்லை. இரண்டாவது, பல்லவியைச் சண்டையிலிருந்து பிரித்தெடுத்தார். இந்த இரண்டில் இரண்டாவதுதான் பெரியது என்பது என் கட்சி. முதலாவதைச் சமூக வரலாறு கொண்டாடட்டும். இரண்டாவதைச் சங்கீத வரலாறு இன்னும் எழுதவில்லை.

பாக்கி ஒன்று இருக்கிறது. பெண் பல்லவி பாடினால் இன்று யாரும் புருவம் உயர்த்துவதில்லை, ஆண் மிருதங்கக்காரர்கள் பெண்களுக்கு வாசிப்பதும் சகஜம். திருப்பிப் போட்டால் நிலைமை வேறு. ரங்கநாயகி அம்மாளுக்குப் பிறகு எத்தனையோ பெண்கள் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். மார்கழி மாலைக் கச்சேரியில் முன்னணி ஆண் பாடகரின் வலப்பக்கம் ஒரு பெண் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருப்பது மட்டும் இன்னும் அரிதான காட்சி. பெண்கள் பெண்களுக்கு வாசிக்கிறார்கள், பிற்பகல் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள், மகளிர் தினத்தன்று ஒரு மேடை நிறைய வாசிக்கிறார்கள். சுருதி ஒத்துவராது என்ற காரணத்தையும் இங்கே சொல்ல வழியில்லை. கேட்டால், பட்டம்மாள் எப்போதோ கோட்டையை உடைத்துவிட்டாரே என்கிறார்கள்.